அண்டைக் கல் நழுவினால்...

சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. சரிவான இடத்தில் லாரியை நிறுத்தும் ஓட்டுநர், சக்கரத்தடியில் ஒரு கல்லை அண்டைக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் சிறியது, லாரியோ பல டன் எடையுள்ளது. ஆனாலும் கல்லை எடுத்துவிட்டால் லாரி நகரத் தொடங்கிவிடலாம் அல்லவா? தென் துருவத்தில் விஞ்ஞானிகள் கவனித்து வருவதும் இப்படிப்பட்ட ஓர் அண்டைக் கல்லைத்தான்.

அண்டார்க்டிகா நிலத்தைச் சராசரியாக ஏறத்தாழ 2 கி.மீ. கனமுள்ள பனி மூடியிருக்கிறது. அப்பனி தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. கரையைத் தாண்டியதும் உடனே உடைந்துவிடாமல், பெரிய பலகைபோலக் கடலில் மிதக்கிறது. இதுவே பனித்தட்டு. இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா நிலையமான தட்சிண கங்கோத்ரி, 1983–84இல் இத்தகைய பனித்தட்டின் மீதுதான் அமைக்கப்பட்டது. அது பனியில் புதையத் தொடங்கியதால், அடுத்த நிலையமான மைத்ரி பாறை நிலத்தில் கட்டப்பட்டது.

இப்போது ஒரு சோதனை. ஒரு டம்ளரில் பனிக்கட்டியைப் போட்டு, விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். கட்டி முழுதும் உருகினாலும் நீர் வழியாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது; இது ஆர்க்கிமிடீஸ் விதி. அப்படியானால் பனித்தட்டு உருகினால் நமக்கென்ன?

2002ஆம் ஆண்டில் லார்சன்-பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கி.மீ. பரப்பு சில வாரங்களில் நொறுங்கியது. கிட்டத்தட்ட நாமக்கல் மாவட்டத்தின் பரப்பு! அதன் பின்னாலிருந்த பனியாறுகள் முன்னைவிடப் பல மடங்கு வேகமாகக் கடலுக்குள் இறங்கின. அண்டைக் கல் போயிற்று, லாரி நகர்ந்தது. நிலத்தின் மேல் இருந்த பனி கடலில் சேர்வது, நிறைந்த டம்ளரில் புதிதாக ஒரு கட்டியைப் போடுவது போலாகும்.

மாதக்கணக்கில் இருளும் மேகமும் சூழ்ந்த அவ்விடத்தை எப்படிக் கண்காணிப்பது? ரேடார் அலைகளுக்கு இருளும் மேகமும் தடையல்ல. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய சரள் செயற்கைக்கோள், 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது ஏறத்தாழ 800 கி.மீ. உயரத்திலிருந்து அலையை அனுப்பியது. போய் வரும் தூரம் 1,600 கி.மீ.; அலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஆகவே ஒரு நொடியில் சுமார் 190இல் ஒரு பங்கில் எதிரொலி திரும்பும். இந்த நேரத்தை நுட்பமாக அளந்தால் பனிப்பரப்பின் உயரம் தெரியும்.

மிதக்கும் பனியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். எனவே, மேற்பரப்பு 1 மீட்டர் தாழ்ந்தால் பனித்தட்டின் கனம் சுமார் 9 மீட்டர் குறைந்துவிட்டது என்று பொருள்.

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வந்து, பனி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் பணிகளுள் ஒன்று.

கடலில் என்ன நிகழ்கிறது? அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள குளிர்ந்த உப்புநீர் அடர்த்தி மிகுந்து அடியில் மூழ்கி, உயிர்வளியைச் சுமந்துகொண்டு, இந்துமாக்கடல் உட்படப் பல கடல்களின் ஆழத்திற்குச் செல்கிறது. உருகிய நன்னீர் கலந்தால் உப்பு குறையும், அடர்த்தியும் குறையும், மூழ்குவது தளரும். கடல் மட்டமும் சும்மா இல்லை. வெப்பத்தால் நீர் விரிவதாலும் நிலப்பனி உருகுவதாலும், 1993 முதல் உலகச் சராசரியாக 10 செ.மீ.க்கு மேல் அது உயர்ந்துள்ளது.

சங்ககிரி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. இங்கே கடல் வரப்போவதில்லை. ஆனால் நம் உணவுக்கு உப்பு தரும் வேதாரண்யமும், சரக்கு போய்ச் சேரும் தூத்துக்குடித் துறைமுகமும் கடலோரத்தில் அல்லவா இருக்கின்றன?

கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பனித்தட்டு நீருக்கு மேல் 30 மீட்டர் தெரிகிறது. அதன் மொத்தக் கனம் எவ்வளவு?