மாதமும் மலரும்

மலரை விரும்பாத மங்கையர் உண்டோ? எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை என்பது, பிறந்தநாள் பட்டியல் ஒட்டும் பலகையில் சிஸ்டர் ஒரு வண்ணப் படத்தை மாட்டிய அன்று தெரிந்தது. 'பிறந்த மாத மலர்கள்' என்பது அதன் தலைப்பு. இடைவேளையில் அதன் முன்னே ஒரே கூட்டம். ஜனவரிக்குக் கார்னேஷனும் ஸ்னோடிராப்பும், பிப்ரவரிக்கு வயலட், மார்ச்சுக்கு டாஃபடில், ஜூனுக்கு ரோஜா, நவம்பருக்குச் செவ்வந்தி என்று பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் பொருள் எழுதியிருந்தது. வயலட் என்றால் அடக்கம், ஸ்னோடிராப் என்றால் நம்பிக்கை. நான் பிறந்தது ஜனவரியில். கார்னேஷனைத் திருமண மேடை அலங்காரத்தில் பார்த்திருக்கிறேன். ஸ்னோடிராப்பை அந்தப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மலர்களுக்குப் பொருள் சொல்லும் இந்த வழக்கம் ஐரோப்பாவில் பரவிய கதை சுவையானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியில் இங்கிலாந்துத் தூதரின் மனைவியாக இருந்த மேரி வொர்ட்லி மாண்டேகு அம்மையார், பூவும் கனியும் அனுப்பியே சேதி சொல்லும் அந்நாட்டு வழக்கத்தைக் கடிதங்களில் வருணித்தார். 1819-இல் பாரிசில் சார்லோட் த லத்தூர் என்ற புனைபெயரில் மலர்களின் மொழி பற்றி ஒரு நூல் வெளிவந்தது. 1884-இல் இங்கிலாந்தின் கேட் கிரீனவே அழகிய படங்களுடன் மற்றொன்றை வெளியிட்டார். அவர்கள் சொன்ன பொருளெல்லாம் அவர்கள் ஊர்ப் பருவத்துக்குப் பொருந்துபவை. உறைபனியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும் பூ ஸ்னோடிராப். மாதக்கணக்கில் குளிரில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அதைக் கண்டதும் நம்பிக்கை பிறக்காமல் என்ன செய்யும்? நம் கோவையில் ஜனவரியில் ஏது உறைபனி?

விடுமுறையில் அவிநாசிப் பக்கம் இருக்கும் என் அம்மிச்சியிடம் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மிச்சியின் அடையாள அட்டையில் பிறந்த தேதி ஜூன் 2 என்று இருக்கிறது. "அப்ப உங்களுக்கு ரோஜாப்பூங்க அம்மிச்சி" என்றேன். அம்மிச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் எழுதிக்கிட்ட தேதி கண்ணு. எங்காத்தா காப்புக்கட்டுக்குப் பூளைப்பூ பறிக்கப் போன எடத்துல வலி கண்டு, அன்னிக்கு ராத்திரி நான் பொறந்தேனாம். வருசம் சரியாத் தெரியாது. பூ மட்டுந்தான் தெரியும்" என்றார்கள்.

எனக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை. நாங்கள் படத்தைப் பார்த்து எங்கள் பூவைத் தேடிக்கொண்டிருந்தோம். அம்மிச்சியோ பூவை வைத்தே பிறந்தநாளைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்!

காப்புக்கட்டை அறியாத வெளியூர்த் தோழியருக்காகச் சொல்கிறேன். மார்கழியின் கடைசி நாளில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாக்கி வீட்டுக் கூரையிலும், மாட்டுக் கொட்டகையிலும், கிணற்றடியிலும், காட்டு மூலையிலும் கட்டுவது கொங்கு நாட்டு வழக்கம். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வரும். பூளைப்பூவைப் பார்த்தால் வெள்ளைக் கம்பளிப்புழு வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். ஒருவரும் அதைத் தலையில் சூடுவதில்லை. ஆவாரையோ பொன் போன்ற மஞ்சள். இரண்டும் யாரும் நட்டு, நீர் ஊற்றி வளர்த்தவை அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமே தழைத்துத் தைக்குள் பூத்து நிற்பவை. மழை நின்ற பிறகும் வாடாத செடிகளை வீட்டுக்குக் காவலாக வைத்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன். காப்பு என்றாலே காவல்தானே? மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூ நோம்பி. சிறுமியரும் பெண்களும் கூட்டமாகப் போய் ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடித்துத் திரும்புவார்கள்.

அப்படியானால் மற்ற மாதங்களுக்கு? சித்திரைக்குச் சரக்கொன்றையும் வேப்பம்பூவும். ஆண்டுப் பிறப்பன்று வேப்பம்பூவை வெல்லத்தோடு சேர்த்து உண்பதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்கழிக்குச் சாணப் பிள்ளையார் மேல் அமரும் பூசணிப்பூ. கார்த்திகைக்குக் கார்த்திகைப்பூ என்றே பெயர் பெற்ற செங்காந்தள். நம் மாநில மலரும் அதுவே. மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாளாக நாளாகச் சிவந்து, தீபச்சுடர் போலவே நிற்கும். ஆனால் மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பந்தலில் படரவிட்டு, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதைக்காக வளர்க்கிறார்கள். கீல்வாதத்துக்கு மருந்தாகும் கொல்கிசின் அதிலிருந்து கிடைக்கிறது. கிழங்கோ கொடிய நஞ்சு! இதற்கு என்ன பொருள் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழந்தமிழர் பூவுக்குக் கொடுத்த பொருள் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. பகைவரை வென்றவர் வாகை சூடினர். இந்த ஆண்டு மலரின் விளையாட்டுப் பக்கத்திலும் 'வெற்றி வாகை சூடினர்' என்று கட்டாயம் அச்சாகியிருக்கும். ஆனால் வாகைப்பூவை அடையாளம் காட்டச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒரு கைகூட உயரவில்லை. வெளிறிய மஞ்சளில் மெல்லிய குஞ்சம் போல இருக்கும். குறிஞ்சிக்கு மாதக் கணக்கே போதாது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் மலர்ந்தது. அடுத்தது 2030.

ஒரே பூ ஊருக்கு ஊர் வேறு பேசுவதும் உண்டு. செவ்வந்தி ஜப்பானில் அரச முத்திரை. பிரான்சில் நவம்பர் மாதம் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. நம் ஊரில் கல்லறைத் திருநாளுக்கும் அதே பூ, கல்யாண மாலைக்கும் அதே பூ.

பள்ளி திறந்ததும் அம்மிச்சியின் கதையைச் சிஸ்டரிடம் சொன்னேன். படத்தைக் கழற்ற வேண்டாம், கீழே இன்னொரு வரிசை சேருங்கள் என்றார்கள். இப்போது ஜனவரிக் கட்டத்தின் கீழ் நான் வரைந்த பூளைப்பூ இருக்கிறது. கம்பளிப்புழு என்றுதான் எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் இடம் காலியாக இருக்கிறது. ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் என்ன பூக்கிறது என்று தெரிந்தவர்கள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வந்து சொல்லுங்கள்.