சொல் அறிவோம்: கபால்

இங்கிலீஷ் பத்திரிகை வாசிக்கிற நம் பிள்ளைகள் சிலர் "கபால்" என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறார்கள். மண்டை ஓடாகிய கபாலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு சிலர் மட்டும் மறைவாகக் கூடி, அதிகாரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவரத் திட்டம் போட்டால் அவர்களுக்கு இந்தப் பெயர். தமிழில் சதிக்கூட்டம் என்போம்.

சொல் பிறந்த இடத்தில் சதி இல்லை. யூதர்களின் எபிரேய மொழியில் "கபாலா" என்றால் வழிவழியாகப் பெற்றுக்கொண்டது என்று பொருள். அவர்களுடைய மறைஞானப் போதனைக்கு அது பெயர். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வருவதற்குள் மறைவு மட்டும் ஒட்டிக்கொண்டது, ஞானம் போய்விட்டது.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னருக்கு ஐந்து ஆலோசகர்கள் இருந்தார்கள்: கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்காம், ஆஷ்லி, லோடர்டேல். இவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளை இங்கிலீஷில் சேர்த்தால் "கபால்" என்றே வரும். அதிலிருந்துதான் சொல் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். அது தவறு. சொல் முன்பே இருந்தது. எழுத்துகள் தற்செயலாகப் பொருந்தின, சனங்களும் பிடித்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1670ல் மன்னர் பிரான்சோடு செய்த இரகசிய உடன்படிக்கையில், தாம் கத்தோலிக்கராக மாறுவதாகக் கொடுத்த வாக்குறுதி கிளிஃபர்டுக்கும் ஆர்லிங்டனுக்கும்தான் தெரியும். மற்ற மூவரிடமும் அதை மறைத்துவிட்டார்கள். ஆனால் பெயர் ஐந்து பேருக்கும்!

நம் தமிழிலும் இப்படி ஒரு சொல் தேய்ந்திருக்கிறது. திருக்குறளில் "சூழ்ச்சி" என்றால் நன்றாக ஆராய்ந்து ஆலோசிப்பது. இன்று ஒருவரை "சூழ்ச்சிக்காரர்" என்றால் சண்டைக்கு வந்துவிடுவார்.

ஆகவே இந்த மாதிரிச் சொல்லை யார்மேல் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். 1834ல் இங்கிலாந்தின் டோல்பட்டில் கிராமத்தில் கூலி குறைந்துகொண்டே போனதால் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். அப்போது அங்கே சங்கம் வைப்பது குற்றமல்ல. ஆனால் இரகசியமாகச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று சொல்லி, ஆறு பேரை 7 வருடத் தண்டனையில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சனங்கள் பெரிய கிளர்ச்சி செய்த பிறகு 1836ல் மன்னிப்புக் கிடைத்தது. அவர்கள் கேட்டது அதிகாரம் அல்ல, வயிற்றுக்குப் போதுமான கூலி.

லயத்து வாசலில் நாலு பேர் சம்பளக் கணக்கைப் பற்றிப் பேசினால் போதும், "என்னமோ சதி பண்றாங்க"ன்னு ஒருவர் சொல்லிவிடுவார். அது சதியல்ல, வெறும் பேச்சு. கோயில் கமிட்டிக் காசை மூன்று பேர் மட்டும் மறைவாகப் பேசி, மற்றவர்களுக்குத் தெரியாமல் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டால், அங்கே "கபால்" என்ற சொல் சரியாகப் பொருந்தும்.

பிள்ளைகளே, இந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் எழுதி, வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.