வி.டி.ஆர்.எல்., ரி.பி.பி.ஏ.: ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவருக்கு



கர்ப்பிணியின் இரத்தத்தில் சிபிலிஸைத் தேடும் சோதனைகள் இரு வகை. நோயால் சிதையும் கலங்களின் கொழுப்புப் பொருளுக்கு எதிராக எழும் பிறபொருளெதிரியை வி.டி.ஆர்.எல். காட்டுகிறது. திரெப்பொனீமா பலிடம் என்னும் கிருமிக்கே உரிய பிறபொருளெதிரியை ரி.பி.பி.ஏ. பிடிக்கிறது, விரல்நுனியில் குத்திச் செய்யும் துரிதச் சோதனையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

முதல் வகையின் வேர் 1906இல் வாசர்மான் செய்த சோதனை. 1941இல் மேரி பாங்போர்ன் மாட்டிதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்னும் அந்தக் கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார், 1946இல் வி.டி.ஆர்.எல். வந்தது. கிருமியை நேராகத் தேடாததால் லூபஸ், மலேரியா, சில வேளை கர்ப்பம்கூட அதில் பொய்யான சாதக முடிவைத் தரும். ரி.பி.பி.ஏ. செய்து உறுதிப்படுத்துவது அதனாலேயே.

மலிவு என்பதால் வி.டி.ஆர்.எல்.லை எளிதென்று எண்ணக்கூடாது. சீரத்தை 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கி, வழுக்கியின் வளையத்துள் இட்டு, அன்று கலந்த கார்டியோலிப்பின் உடலெதிரியாக்கியில் ஒரு துளி சேர்த்து, நிமிடத்துக்கு 180 சுற்றில் 4 நிமிடம் சுழற்றி, உடனே நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அறை 23 முதல் 29 பாகைக்குள் இருப்பது அவசியம். கொழும்பின் ஏப்ரல் நண்பகலில் குளிரூட்டி நின்றால் 29 தாண்டிவிடும்; வெப்பம் ஏறினால் எதிர்வினையும் மிகைப்படும். சுவரில் வெப்பமானி இல்லாத அறையில் வரும் முடிவை நம்ப முடியாது. பிறபொருளெதிரி மிதமிஞ்சினால் ஐதாக்காத சீரம் பாதகமாகத் தோன்றலாம். உள்ளங்கையில் சிபிலிஸைச் சுட்டும் தடிப்புள்ள பெண்ணின் மாதிரி பாதகமென்றால் ஐதாக்கி மறுபடி பார்த்தே தீர வேண்டும்.

ரி.பி.பி.ஏ. இத்தனை தொல்லை தருவதில்லை. ஆனால் குணமான பின்னும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் சாதகமாகவே நிற்கும். பத்தாண்டுக்கு முன் சிகிச்சை முடித்தவரையும் அண்மையில் தொற்றியவரையும் அது பிரித்துக் காட்டாது. அந்த வேலையை வி.டி.ஆர்.எல். ஐதாக்க எண், அதாவது சீரம் சாதகமாக நிற்கும் கடைசி ஐதாக்கம், செய்கிறது. 1:32 என்பது 1:8 ஆனால் சிகிச்சை பலித்திருக்கிறது. 1:8 என்பது 1:4 ஆவது சோதனையின் இயல்பான தளம்பலே. ஒரே முறையில், இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் பார்த்த எண்களையே ஒப்பிடலாம். சிசுவுக்கும் இந்த ஐதாக்க எண்ணே துணை: தாயின் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி கடந்துவிடுவதால் சிசுவின் ரி.பி.பி.ஏ. ஒன்றும் சொல்லாது. சிசுவின் வி.டி.ஆர்.எல். தாயினதைவிட நான்கு மடங்கு கூடினால் அது வலுவான சான்று; கூடாவிட்டாலும் தொற்று இல்லையென்று ஆகிவிடாது. எனவே எண் இல்லாமல் "சாதகம்" என்று மட்டும் எழுதும் அறிக்கை அரைகுறையானது.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் அங்கீகரித்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தாய் கிளினிக்குக்கு முதன்முறை வரும்போதே எடுக்கும் இரத்தம் அதற்கு அடித்தளம். சிகிச்சை மருந்தான பென்சதீன் பெனிசிலின் பிரசவத்துக்கு நான்கு வாரம் முன்பாவது தொடங்கியிருந்தால்தான் சிசுவுக்குப் போதிய காப்பு. ஆகையால் சாதகமான முடிவு தட்டில் கிடக்காமல் அன்றே வைத்தியருக்குச் சென்றாக வேண்டும். அறிக்கை வாங்க மாமியாரோ அயலவரோ வரக்கூடும். ஒட்டிய உறையில், அந்தப் பெண்ணின் கையிலோ அவருடைய வைத்தியரிடமோ மட்டுமே அதைக் கொடுக்கலாம்.