முதலில் டாக்டர், பிறகுதான் மற்றது

அன்புள்ள மருமகளுக்கு,

புக்கிட் தெங்காவிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. குழந்தை மனநல மருத்துவராக வேண்டும், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் உளவியலை முதலில் போடுவதா, மருத்துவத்தை முதலில் போடுவதா என்று கேட்டிருக்கிறாய். உளவியல் படித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று உன் அண்ணன் சொன்னாராம். அவர் சொன்னது அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே எந்தப் பாடத்திலும் ஒரு பட்டம் வாங்கி, கேட்கும் அறிவியல் பாடங்களையும் முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். இங்கே மலேசியாவில் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடிந்ததும் நேராக ஐந்தாண்டு மருத்துவப் படிப்புதான். உளவியல் பட்டதாரியாகப் போய் நின்றாலும் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கச் சொல்வார்கள். ஆகவே முடிவை இப்போதே எடுத்தாக வேண்டும். பத்தொன்பது வயதில் இப்படி ஒரு முடிவைக் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான்.

மருத்துவத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார். படிப்பு ஐந்து ஆண்டு, மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சி இரண்டு ஆண்டு, பிறகு மருத்துவ அதிகாரியாகச் சில காலம். மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.எஸ்.எம். போன்ற இடங்களில் மனநல மருத்துவத்தில் நான்காண்டு முதுகலை. அதற்கும் மேலே குழந்தைகள், பதின்ம வயதினருக்கான உட்பிரிவுப் பயிற்சி. உன் தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் உன் பெயருக்குக் கீழே அந்தப் பதவி வரும்.

இவ்வளவு சுற்று எதற்கு, பிள்ளைகளோடு பேசத்தானே போகிறேன் என்று கேட்பாய். வகுப்பில் அடிக்கடி சில விநாடி வெறித்துப் பார்க்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஆசிரியை ஒரு பையனை அனுப்பிவைக்கிறார் என்று வைத்துக்கொள். கவனக்குறைவாக இருக்கலாம். காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். கை கால் வெட்டாத ஒரு வகை வலிப்பும் அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதுப் பெண் எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடக்கிறாள் என்றால் மனச்சோர்வு என்று எழுதுவதற்கு முன்னால் இரத்தசோகையையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். கவனக்குறைவுக்கு ரிட்டாலின் மாத்திரை எழுதிக் கொடுப்பவர் அந்தப் பிள்ளையின் இதயத் துடிப்பு, எடை, உயரம், தூக்கம், பசி எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அதனால்தான் ஹவுஸ்மேன்களை அறுவைப் பிரிவிலும் பிரசவ அறையிலும் இரவெல்லாம் நிற்க வைக்கிறார்கள். அந்த ஆண்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நினைத்தால் மருத்துவத்தைப் போடாதே. உடம்பைப் பற்றிப் படிக்கவும் உனக்கு ஆசை இருக்க வேண்டும்.

ஆசை பேச்சில் மட்டும்தான் என்றால் உளவியலே உனக்கு ஏற்றது. ஒரு பிள்ளையோடு வாரா வாரம் உட்கார்ந்து சோதனைகள் செய்து, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் வேலையில் பெரும்பங்கு மருத்துவ உளவியலாளர்களுடையது. அரசாங்க மருத்துவமனையில் மருத்துவருக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. வெளியே வரிசை நிற்கும். ஆனால் இளங்கலையோடு நிறுத்தினால் அந்த வேலை இல்லை. மருத்துவ உளவியலில் முதுகலை முடித்து, 2016-ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ள வேண்டும். ஆலோசகராகப் போவதென்றால் அதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் தனி வாரியமும் உண்டு. டாக்டருக்குக் கிடைக்காதவர்கள் எடுப்பது உளவியல் என்று நம் கல்யாண வீடுகளில் பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே.

இடம், பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூ.எஸ்.எம். பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கலாம் என்று உன் அம்மா கணக்குப் போட்டிருப்பார். கெலுகோரில் இருப்பது முதன்மை வளாகம். மருத்துவப் பள்ளி கிளந்தானில், குபாங் கெரியானில். ஜோர்ஜ்டவுனில் அயர்லாந்து பல்கலைக்கழகங்களின் மருத்துவக் கல்லூரி, கெடாவில் எய்ம்ஸ்ட் என்று தனியார் வழிகளும் உண்டு. கட்டணம் லட்சக்கணக்கான ரிங்கிட். அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தையும் வீட்டையும் சேர்த்து வைத்துத்தான் சேர முடியும் என்றால் வேண்டாம் என்பேன். வேலைப் பக்கமும் பார்: 2016 இறுதியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தது. 2021 ஜூலை 26 அன்று அவர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளைவிட்டு வெளிநடப்புச் செய்ததை நீ செய்தியில் பார்த்திருப்பாய். நிபுணத்துவப் பயிற்சிக்கான வழி தங்களுக்கு அடைபட்டிருக்கிறது என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. உன் பாதைக்கு அந்தப் பயிற்சிதான் உயிர்நாடி. தலையில் பெரிய கடனோடு அதற்காகக் காத்திருக்க முடியாது.

இதையெல்லாம் மீறி இந்தத் துறைக்கு நீ வர வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 2023 வரை குற்றம். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரை நாம் இன்னும் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்ததிலிருந்து அந்த ஊருக்கு வந்த கதி அது. இந்த நிலையில் ஒரு தாய் தன் பிள்ளையை முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப் போவாள். அவளிடம் "மந்திரிச்சது இருக்கட்டும்மா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறான், யார்கூடப் படுக்கிறான்?" என்று தமிழிலேயே கேட்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் பலர் "ஓகே, நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சிறப்புக் கல்வி வகுப்பில் கொஞ்ச நாள் உதவிக்குப் போக முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார். கத்துகிற, கடிக்கிற, பேசாத பிள்ளைகளோடு காலையிலிருந்து மதியம் வரை இருந்து பார். மறுநாளும் போகத் தோன்றுகிறதா என்று எனக்கு எழுது. அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்று பேசுவோம்.

அன்புடன்,
மாமா