வீட்டிலேயே பிரெட்

இட்லி மாவைப் பொங்க வைக்கத் தெரிந்த நமக்கு பிரெட் செய்வது கடினமல்ல. நான் செய்யும் முறை இது.

மைதா அரை கிலோ, உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை, எண்ணெய் தலா 2 ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி. சேர்த்து 10 நிமிடம் நன்கு பிசைந்து, ஈரத்துணியால் மூடவும்.

ஈஸ்ட் உயிருள்ளது, வெப்பத்துக்குத் தக்கபடி வேலை செய்யும். எங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் மே மாதம் முக்கால் மணியில் பொங்கும் மாவு, டிசம்பரில் இரண்டு மணி நேரம் கேட்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு இரு மடங்காகிவிட்டதா என்று பாருங்கள்.

பிறகு சுருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, மீண்டும் பொங்கியதும் 200 டிகிரி சூட்டில் 35 நிமிடம் சுடவும். அடியில் தட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும்.

பிரெட் மெஷினுக்கு நேரக்கணக்கே தெரியும். கோடையில் அதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள்.