பெண்களும் குடலிறக்க நோயும்

குடலிறக்கம் ஆண்களுக்கே உரிய நோய் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. தொடையிடுக்கில் தோன்றும் குடலிறக்கம் வாழ்நாளில் நூறு ஆண்களில் 27 பேருக்கேனும் ஏற்படக்கூடும்; பெண்களில் இத்தொகை ஏறத்தாழ 3 மட்டுமே. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பெண்களிடம் இந்நோய் காலந்தாழ்த்தி அறியப்படுகிறது. ஆபத்தும் அதனால் மிகுகிறது.

காரணங்கள்

வயிற்றுச் சுவர் நலிவுற்ற இடத்தின் வழியே உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே பிதுங்குவதே குடலிறக்கமாகும். அடுத்தடுத்த மகப்பேறு, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், பளு தூக்குதல் ஆகியவை வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்டி இதற்கு வழிகோலுகின்றன. தொப்புளிலும், சிசேரியன் போன்ற அறுவைச் சிகிச்சையின் தழும்பிலும் இது தோன்றலாம். தொடையின் மேற்பகுதியில், பெரிய இரத்தக் குழாய்களை அடுத்துள்ள குறுகிய வழியில் இறங்கும் தொடைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

அறிகுறிகள்

நிற்கும்போதும் இருமும்போதும் புடைத்து, படுத்ததும் மறையும் வீக்கமே முதல் அடையாளம். ஆயினும் பெண்களிடம் இவ்வீக்கம் மிகச் சிறியதாகவோ கண்ணுக்குப் புலப்படாமலோ இருப்பதுண்டு. அடிவயிற்றில் இழுப்பது போன்ற வலி, நெடுநேரம் நின்றால் மிகும் கனம், தொடையிடுக்கில் எரிச்சல் ஆகியவை மட்டுமே தோன்றலாம். இவற்றை மாதவிடாய் வலி என்றோ, சினைப்பைக் கட்டி என்றோ, நெறிகட்டியது என்றோ தவறாகக் கருத இடமுண்டு. எனவே நோயாளியை நிற்கச் செய்தும் இருமச் செய்தும் மருத்துவர் சோதித்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடில் அல்ட்ராசவுண்ட் சோதனை துணைபுரியும்.

அபாய நிலை

வீக்கம் உள்ளே திரும்பாமல் கெட்டிப்பட்டுக் கடும் வலி தருதல், தோல் சிவத்தல், வாந்தி, வயிற்று உப்புசம், மலமும் வாயுவும் வெளியேறாமை ஆகியவை குடல் நெரிபடுவதைக் காட்டும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்திலேயே குடல் அழுகக்கூடும். அந்நிலையில் வீட்டிலேயே அழுத்தித் தள்ளுவதோ எண்ணெய் தேய்த்து உருவுவதோ கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சுவீடன் நாட்டின் பதிவேட்டைக் கொண்டு 2009-ல் வெளியான ஆய்வில், தொடைக் குடலிறக்க அறுவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவசர நிலையில் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது.

சிகிச்சை

மருந்தோ கச்சையோ இந்நோயைக் குணப்படுத்தாது. அறுவைச் சிகிச்சையே தீர்வு. பெண்களின் தொடையிடுக்குக் குடலிறக்கத்தைத் தள்ளிப்போடாமல் உரிய காலத்தில் சரிசெய்ய வேண்டும் என்று 2018-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. செலவுக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு, 2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் துணை நிற்கிறது. தகுதியுள்ள குடும்பம் ஒன்று ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம்.

கூலி வேலையும் வீட்டு வேலையும் தடைப்படுமே என்ற கவலையாலும், மறைவிடத்து நோயை வெளியில் சொல்லும் கூச்சத்தாலும் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஊரிலுள்ள ஆஷா பணியாளரிடம் முதலில் சொன்னாலும் போதும், அவர் வழிகாட்டுவார். காலத்தே செய்யும் அறுவைக்குச் சில வார ஓய்வே தேவை. காலங்கடந்தால் உயிருக்கே ஊறு நேரும்.