திரைக்கு முன்னால் சொல்லாமல் விடுவது

"நாடி பிடிக்காம, ஸ்டெதஸ்கோப் வைக்காம வீடியோவில் எழுதித் தர்ற மாத்திரையை எப்படி நம்புறது?" மனச்சோர்வுக்கு ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கத் தயங்குபவர்கள் கேட்கும் கேள்வி இது. மனச்சோர்வு நாடியில் பிடிபடுவதில்லை. தூக்கம், பசி, முகம், பேச்சின் வேகம் ஆகியவற்றில்தான் அது தெரியும். தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரும் என்பதால், ரத்தப் பரிசோதனை எழுதினால் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள்.

"ஆன்லைன் என்றால் நாலு கேள்விக்கு டிக் அடித்தால் போதும், மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும்." இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, இன்ன நோய் என்று கணிக்காமல் மருந்து எழுதுவது நெறிமீறல். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சீட்டுக்கு மருந்து வாங்காதீர்கள்.

மூன்றாவது நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்." முன்பு எப்போதாவது பல நாள் சரியாகத் தூங்காமலே சோர்வின்றி, கைக்காசையெல்லாம் செலவழித்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். அதை யாரும் நோயாக நினைப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதுமில்லை. ஆனால் அது இருதுருவ (பைபோலார்) நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது அதே வெறியெழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். அந்த நாட்களைப் பார்த்த அம்மாவோ மனைவியோ ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காரட்டும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் கேமரா முன் காட்டுங்கள். வலிக்குத் தரும் டிரமடால் மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. கர்ப்பம், குடி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, எதையும் மறைக்காதீர்கள்.

"ஒருமுறை பார்த்தாச்சு, இனி பழைய சீட்டே போதும்" என்பதும் தவறு. முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழுள்ள சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லும் 2007-லும் எச்சரித்தது. அதனால் முதல் சந்திப்பு முடியும் முன்பே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். அப்படி எண்ணம் வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் பேசலாம்.

"பழகிப்போனால் விடவே முடியாது" என்ற பயமும் வேண்டாம். இந்த மாத்திரை போதை மருந்து அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலாம், உடம்பில் ஷாக் அடிப்பது போலிருக்கலாம். அளவை எப்படிக் குறைப்பது என்று கேட்க, அதே வீடியோ அழைப்பே பெரும்பாலும் போதும்.